தெற்கே சாய்ந்த கண்ணாடி

மாமி வாளிக்குள் ஒரு விரலை விட்டு எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “மருமவனே, இதுல மீனக் கொண்டு விட்டா நீந்தும். நாளைக்கும் இப்படின்னா வெள்ளிக்கிழம கீசர் மாட்ட ஆளு வரும்.”

செல்லபாய் மாமிக்கு வாய் அப்படி. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. நான் மொட்டைமாடியில் வைத்த சோலார் ஹீட்டரிலிருந்து நாலாவது நாளாகத் தண்ணீர் வெதுவெதுப்புக்கும் கீழேதான் வந்தது. என் மனைவி ஜெனிலா பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகிறது. அவள் மேலுக்கு ஊற்ற நல்ல சுடுதண்ணீர் வேண்டும். மாமி மறுபடியும் கொல்லையில் விறகை மூட்டிப் புகையில் இருமினாள்.

வளைகுடாவில், தம்மாமில் ஒன்பது வருடமாக சோலார் ஹீட்டர் பொருத்துகிறவன் நான். இராஜாக்கமங்கலத்து மாமனார் வீட்டில் தோற்றுப்போவதா? கண்ணாடிபோலப் பளபளக்கும் அலுமினியத் தகட்டை ஓடைபோல வளைத்து, அதன் நடுவே கருப்பு பூசிய செம்புக் குழாயைக் கிழக்கு மேற்காகப் போட்டிருந்தேன். தகட்டில் விழும் வெயிலெல்லாம் குழாயில் போய்க் குவிய வேண்டும். தம்மாமில் குவியும், தொட்டால் தோல் உரியும். இங்கே மட்டும் என்ன கேடு? கடல்காற்றின் உப்புப் படிந்திருக்கும் என்று தகட்டை மூன்று தடவை துடைத்தாயிற்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறந்தபோது நான் பக்கத்தில் இல்லை. ஜெனிலா வலியில் கத்தியதைப் போனில் கேட்டேன், அவ்வளவுதான். இன்னும் பன்னிரண்டு நாளில் எனக்கு ஃபிளைட். அதற்குள் அவளுக்கென்று உருப்படியாக ஒன்றைச் செய்துவிட்டுப் போக வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அறைக்குள் போனேன். ஜெனிலா இடம் மாற்றிப் போட்ட கட்டிலில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் கிடத்தி வெயில் காட்டிக்கொண்டிருந்தாள்.

“கட்டிலு அந்தப் பக்கம்லா கெடந்து?” என்று கேட்டேன்.

“அங்க வெயிலு வரல்ல. இப்பம் வடக்கு சன்னல்லதான் விழுது.”

வடக்கு சன்னல்! மண்டையில் யாரோ நறுக்கென்று குட்டியதுபோல இருந்தது. தம்மாமில் உச்சிச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கேதான் நிற்கும். அந்தப் பழக்கதோஷத்தில் இங்கேயும் ஓடையைத் தெற்கே சாய்த்து வைத்திருக்கிறேன். நம்மூரில் மே மாதச் சூரியன் தலையைத் தாண்டி வடக்கே போய்விடுமே! வெயில் தகட்டில் பட்டு, குழாயைத் தொடாமலே வெளியே போயிருக்கிறது. ஒன்பது வருட சர்வீஸ், வெட்கக்கேடு.

ஸ்பேனரோடு மாடிக்கு ஓடினேன். இரண்டு போல்ட்டைத் தளர்த்தி ஓடையை வடக்கே சாய்த்தேன். மத்தியானம் சூரியன் பக்கமாக நின்று எட்டிப் பார்த்தால், குழாயின் பிம்பம் பரந்து தகடு முழுக்கக் கருப்பாகத் தெரிந்தது. விழுகிற வெயில் அத்தனையும் குழாய்க்குத்தான் போகிறது. அடடா, துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது.

சாயங்காலம் வாளியில் விரலை விட்ட மாமி, “எனக்க கர்த்தாவே!” என்று கையை உதறினாள். “பச்சவெள்ளம் கொண்டாங்க மருமவனே, சீக்கிரம்!”

இரண்டு குடம் பச்சைத்தண்ணீர் விளாவ வேண்டியிருந்தது. சுமந்தது நான்தான், சிரித்துக்கொண்டே சுமந்தேன்.

குளித்துவிட்டு வந்த ஜெனிலாவின் முகம் சிவந்திருந்தது. “நீங்க போன பொறவும் இப்படிச் சுடுமா?”

“சுடும். வருசக் கடைசியில சூரியன் தெக்க எறங்கும். அப்பம் ரெண்டு போல்ட்ட தளத்தி அங்கோட்டு சாய்ச்சா போரும். உங்க அப்பா செய்வாரு. நீகூட செய்யலாம்.”

“அந்த ஸ்பேனர இஞ்ச தாங்க.”

கொடுத்தேன். எந்தப் போல்ட் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், அதை ஒரு துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் செருகினாள்.

“கிறிஸ்துமசுக்கு நீங்களே வந்து சாய்ங்க” என்றாள். பிறகு தலையணையில் தலையை அழுத்தி வைத்து, பிள்ளையை அணைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.