மரத்தடிக்குப் போன காலண்டர்

ஷா ஆலமில் ஏதோ ஓர் ஆபீஸ் வேண்டாமென்று தள்ளிவிட்ட கம்ப்யூட்டரைக் கோமதி ஆசை ஆசையாய் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஊருக்கெல்லாம் புதுசு புதுசாய் வந்துகொண்டிருந்த தொண்ணூற்றேழாம் வருஷம் அது. இவளுடையதோ விண்டோஸைத் திறப்பதற்குள் ஒரு கோப்பி கலக்கிக் குடித்து, குடித்த கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிடலாம். இருந்தாலும் அவளுக்கு அது தங்கம். பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டில், முன்ஹால் மூலையில் அதை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி என்று எது வந்தாலும் தமிழில் அடித்துக் கொடுத்தாள்.

அந்த வருஷம் அவளுக்குப் பெரிய வேலை ஒன்று வாய்த்தது. கிள்ளானில் அச்சகம் வைத்திருந்த குமரப்பன் செட்டியார், தினமும் கிழிக்கிற காலண்டரை எப்போதும் சிவகாசியில்தான் அச்சுக் கோர்க்கக் கொடுப்பார். அதில் இந்த ஊர்ப் பள்ளி விடுமுறை இல்லை, ராகுகாலம் இந்த ஊர்ச் சூரியனுக்கு ஒத்துவரவில்லை என்று ஜனங்கள் முணுமுணுக்க, சரி, இங்கேயே செய்து பார்ப்போம் என்று கோமதியிடம் கொடுத்தார். கெடு வைத்த திங்கட்கிழமை காலையில் காலண்டர் ஏறிய பிளாப்பி தன் மேசைக்கு வரவேண்டும், வராவிட்டால் பழையபடி சிவகாசிதான் என்று முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டார். கோமதி மாதக்கணக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அடித்தாள். இது மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வருஷா வருஷம் அவளுடைய காலண்டர் வீட்டுக்கு வீடு தொங்கும். அந்த ஆசை அவளுக்கு நிறையவே இருந்தது, அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது.

டிசம்பரை முடித்து 'சேவ்' கொடுத்தபோதுதான் கம்ப்யூட்டர் கையை விரித்தது. டிஸ்கில் இடமில்லையாம்.

இடம் எப்படி இருக்கும்? உள்ளே அத்தனை சாமியும் குடியிருந்தார்களே! எல்லாம் அவள் வீட்டுக்காரர் மாணிக்கம் பார்த்த வேலை. லோரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை, மற்ற நேரமெல்லாம் கோயில். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு கூட்டாளியிடம் ஸ்கேனர் இருந்தது. வீட்டில் மாட்டியிருந்த படம், பர்ஸில் இருந்த படம், ஊதுபத்தி அட்டைப் படம் ஒன்றையும் விடாமல் ஸ்கேன் பண்ணிக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். கோமதி எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் திரையில் முருகன் வருவார், காமாட்சி வருவாள், ஐயனார் குதிரையோடு வருவார், நாகம்மா படமெடுத்து வருவாள். மனுஷருக்கு அதில் ஒரு சந்தோஷம். போகட்டும் என்று அவளும் விட்டிருந்தாள்.

செலாயாங்கில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ரமணிக்குப் போன் போட்டாள். அவன் பொறுமையாகச் சொன்னான். முதலில் வேலையையெல்லாம் பிளாப்பியில் காப்பி எடுத்து வையுங்கள். வேண்டாததை அழித்து டிசம்பரை சேவ் பண்ணுங்கள். ஆனால் அந்த டிஸ்க்குக்கு வயசாகிவிட்டது, அழித்தது மட்டும் போதாது. சனிக்கிழமை நானே வந்து மொத்தமாகத் துடைத்து, விண்டோஸைப் புதுசாகப் போட்டுத் தருகிறேன் என்றான்.

கெடுவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோமதி அப்படியே செய்தாள். சாமிகளை அழித்து, டிசம்பரை சேவ் பண்ணி, மாதத்துக்கு ஒரு பிளாப்பி என்று காலண்டரை எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கினாள். அடுக்கினவளின் கண் சாமி மேடைப் பக்கம் போனது. பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் பேனாவையும், புதுக் கடைச் சாவியையும் சாமி காலடியில் வைத்து எடுக்கிற வழக்கத்தில் வளர்ந்தவள்தானே அவளும். வெளியே பக்தியைக் கேலி பண்ணுவாள், உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. ராகுகாலம், நல்ல நேரம் ஒன்றும் பார்க்காமல் டப்பா மூடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு சாமந்திப்பூவும் செருகி, சாமி மேடையில் வைத்துக் கும்பிட்டாள். யாரும் பார்க்கவில்லை என்பதில் அவளுக்கு நிம்மதி.

மாணிக்கம் வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரையில் ஒருத்தரையும் காணோம். தேடிக்கொண்டே போனவர் மூலையில் இருந்த குப்பைத்தொட்டிப் படத்தைத் திறந்தார். உள்ளே வரிசையாக முருகன், காமாட்சி, ஐயனார். மனுஷருக்கு முகமே செத்துப்போய்விட்டது.

"சாமிய குப்பைத்தொட்டியில போட்டுட்டியா, கோமதி?"

அது நிஜக் குப்பைத்தொட்டி இல்லை, கம்ப்யூட்டர்காரன் வைத்த பெயர் என்று அவள் விளக்கிப் பார்த்தாள். படம் குப்பைத்தொட்டி மாதிரிதானே லா இருக்கு என்று அவர் மடக்கினார். கடைசியில், உங்கள் சாமியை நீங்களே பிளாப்பியில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுக்கொடுத்தாள். அவர் கீழே கடைக்கு ஓடிப்போய்ப் பிளாப்பி வாங்கிவந்து, ஒரு பிளாப்பிக்கு ஒரு சாமி என்று கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து காப்பி எடுத்தார். அந்த வீட்டில் பிஸ்கட் டப்பாவுக்கா பஞ்சம்? அதே மாதிரி இன்னொன்றில் அடுக்கிக் கோமதியிடம் நீட்டி, சாமி மேடையில் வைத்துவிடு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். குளித்துக்கொண்டே சத்தமாக இன்னொன்றும் சொன்னார். பூஜை இல்லாத சாமி படத்தை வீட்டில் அடைத்து வைக்கக்கூடாது, காலையில் கோயில் மரத்தடியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்றார். கோமதி 'ம்' கொட்டினாள். காதில் வாங்கினாளா என்றால், இல்லை. கையில் இருந்த டப்பாவை மேசை டிராயரில் தள்ளிவிட்டுச் சாம்பாரைக் கிளறப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மாணிக்கம் சாமி மேடைக்கு வந்தார். அங்கே ஒரே ஒரு டப்பா. சந்தனம், குங்குமம், பூ. அவருக்கு நெஞ்சு இளகிப்போனது. வாய்தான் அப்படிப் பேசுகிறது, சாமி என்றதும் பொட்டு வைத்து அனுப்பத் தெரிகிறதே என் பெண்டாட்டிக்கு என்று நினைத்தார். பாவி மனுஷர் திறந்து பார்த்திருக்கலாம். பொட்டு வைத்த டப்பாவைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை. பக்தியோடு மார்பில் அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ரமணி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். எங்கோ காடு எரிந்த புகை ஊரை மூடியிருந்த மாதம் அது. மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே, பேக்கப் எடுத்தாச்சா அக்கா என்று கேட்டான்.

"சாமி காலடியில பத்திரமா இருக்கு," என்றாள் கோமதி.

அப்புறம் என்ன பயம் என்று அவனும் பொத்தானை அமுக்கிவிட்டான். டிஸ்க் சுத்தமாகத் துடைபட்டது. விண்டோஸ் புதிதாக ஏறியது. கம்ப்யூட்டர் இளமை திரும்பி ஓடியதைப் பார்த்துக் கோமதிக்கு வாயெல்லாம் பல். இப்போது காலண்டரை ஏற்றிவிடலாம், டப்பாவைக் கொண்டுவாருங்கள் என்றான் ரமணி.

சாமி மேடையில் ஒரே ஒரு சாமந்தி இதழ் கிடந்தது. டப்பாவைக் காணோம்.

ஓடிவந்து டிராயரை இழுத்தாள். டப்பா இருந்தது. உயிர் வந்தது. திறந்தாள். முதல் பிளாப்பியில் மாணிக்கத்தின் குண்டு எழுத்தில் 'காமாட்சி' என்றிருந்தது. அடுத்ததில் 'ஐயனார், குதிரையுடன்'. குளியலறையிலிருந்து வந்த சத்தம் அப்போதுதான் அவள் காதுக்கு எட்டியது, ஒரு ராத்திரி தாமதமாக. மரத்தடி!

செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கினாள். பின்னாலேயே ரமணி ஓடிவந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டான். போகிற வழியெல்லாம் கோமதி மாணிக்கத்தைத் திட்டினாள், பிறகு டப்பாவை டிராயரில் தள்ளிய தன் கையைத் திட்டினாள். மாதக்கணக்கான உழைப்பு இந்த உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. திங்கட்கிழமை செட்டியார் முன்னால் வெறுங்கையோடு நிற்பதை நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

தண்டவாளத்தை ஒட்டிய சின்ன அம்மன் கோயில் அது. பின்பக்கம் அரசமரம். கண்ணாடி உடைந்த சாமி படம், கை போன பிள்ளையார், போன வருஷக் காலண்டர் அட்டை என்று வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாமல், குப்பையில் போடவும் மனசு வராமல் ஜனங்கள் கொண்டுவந்து விட்டதெல்லாம் அதன் அடியில் சாய்ந்து நின்றன. நடுவில் நாகர் சிலைக்கு முன்னால் கோமதியின் பிளாப்பிகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும், அந்த வட்டமான வெள்ளித் தகட்டின் நட்டநடுவில், சந்தனம், அதன்மேல் குங்குமம். கோயில் வேலை பார்க்கும் நல்லம்மாள் நாகருக்குப் பால் அபிஷேகத்தைத் தொடங்கியிருந்தாள். கல்லில் வழிந்த பால் வரிசையைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது.

கோமதி பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரமணி குனிந்து பிளாப்பிகளை வாரினான். வரிசையில் கடைசியாக, நாகருக்கு மிக நெருக்கமாக இருந்தது பாலில் மிதந்தது. தூக்கிப் பார்த்தான். டிசம்பர்.

நல்லம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "மாணிக்கம் தம்பிதான் உள்ள சாமி இருக்குன்னு குடுத்தாரு. மூஞ்சி எந்தப் பக்கம்னு தெரியல. பளபளன்னு வட்டமா இருந்துச்சு, அங்க பொட்டு வச்சேன்," என்றாள்.

கோயிலுக்குள்ளிருந்து திருநீற்றோடு வந்த மாணிக்கம் மனைவியின் வெறுங்காலையும் முகத்தையும் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளைத் திட்டவும் அவருக்கு வழியில்லை, அவரைத் திட்டவும் அவளுக்கு வழியில்லை. பக்தியைக் காட்டியவரும், பக்தியை மறைத்தவளும் சேர்ந்து செய்த வேலை அல்லவா அது. இருந்தும் கோமதி திட்டினாள். அப்படி ஒரேயடியாகச் சும்மா விட்டுவிடுகிற ஆளில்லை அவள்.

வீட்டுக்கு வந்து ரமணி பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பொட்டையும் அழித்தான். ஜனவரியை உள்ளே தள்ளியதும் கம்ப்யூட்டர் கரகரவென்று இழுத்தது. மாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார். பொங்கல் திரையில் வந்தது. பிப்ரவரி வந்தது. மார்ச் கொஞ்சம் சண்டித்தனம் பண்ணிவிட்டு வந்தது. இப்படி ஒவ்வொன்றாக நவம்பர் வரை வந்து சேர, டிசம்பர் மட்டும் வாயே திறக்கவில்லை. திறந்து காயவைத்துப் பார்த்தும் பலனில்லை.

ஒரு மாதம்தானே, அடித்துவிடலாம் என்று கோமதி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மாணிக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தை விரித்தார். திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம் என்று அவர் மந்திரம் மாதிரி ராகம் போட்டு வாசிக்க, அவள் அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை சமையலும் அவரே. ரசத்தில் உப்பில்லை. ஆனாலும் அவர் குரலைக் கேட்டுக்கொண்டே அடிப்பது அவளுக்குப் பிடித்துப்போனது, கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிட்டது. டிசம்பர் முடிந்தது. இந்தத் தடவை காப்பியை மூன்று இடத்தில் வைத்தாள். ஒன்றுகூட சாமி மேடையில் இல்லை.

திங்கட்கிழமை இருவரும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனார்கள். மாணிக்கம் கையில் ஒரு பை வைத்திருந்தார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு இனி இந்தப் பக்கம் வராதே தம்பி என்று நல்லம்மாள் சொல்லிவிட்டதால், சாமிகளைக் கிள்ளானில் ஏதாவது ஒரு மரத்தடியில் விடலாம் என்று எடுத்து வந்திருந்தார். கோமதி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

குமரப்பன் செட்டியார் பிளாப்பிகளை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பினார். மூக்கருகில் கொண்டுபோனார். சந்தன வாசனை. ஓர் ஓரத்தில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. மனுஷர் பிளாப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சிவகாசியிலிருந்து எத்தனையோ வருஷம் வாங்கியிருக்கிறேன், ஒருத்தனும் பொட்டு வைத்து அனுப்பியதில்லை என்றார். அவர் கம்ப்யூட்டரில் போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தைப்பூசத்தையும் தீபாவளியையும் பள்ளி விடுமுறையையும் பார்த்தார். சரியாக இருந்தது. அடுத்த வருஷமும் நீயே செய்துவிடம்மா என்று அவர் சொன்னதும் கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது, அதை அவள் துடைக்கக்கூட இல்லை.

"ஒண்ணுதான் குறை," என்றார் செட்டியார். "மாசத்துக்கு ஒரு சின்ன சாமி படம் மூலையில போடணும். சிவகாசிக்காரன் வேலை போன கோபத்துல படத்தையும் அனுப்பல. நாளைக்கே வேணும். உங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது இருக்கா?"

இருந்ததையெல்லாம் அழித்தவள் தரையைப் பார்த்தாள். மாணிக்கம் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்தார்.

"எந்த மாசத்துக்கு எந்தச் சாமி வேணும், முதலாளி?"

செட்டியார் ஒவ்வொரு மாதமாகச் சொல்லச் சொல்ல, மாணிக்கம் ஒவ்வொரு பிளாப்பியாக எடுத்து வைத்தார். தை வரும் ஜனவரிக்கு முருகன், மாசி வரும் பிப்ரவரிக்கு ஈஸ்வரன், ஆடி வரும் ஜூலைக்குக் காமாட்சி. கடைசி மாதத்துக்கு வந்தபோது செட்டியார் யோசித்தார். கோமதி டப்பாவுக்குள் தானே கையைவிட்டுத் தேடி ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"டிசம்பருக்கு நாகம்மா போடுங்க, முதலாளி. பால் முன்னமே ஊத்தியாச்சு."