எலுமிச்சை வாசனைத் தொழுவம்

என் கணவரின் அண்ணனுக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் மேனேஜர். அலுவலக வேலையை விட்டுவிட்டு வந்து ஆறு மாதமாகப் பண்ணையை நிர்வாகம் செய்கிறார். அதாவது நாங்கள் கறக்கிறோம், அவர் சுவரில் அட்டவணை ஒட்டுகிறார். அதில் கோணக்கொம்பு மாட்டுக்கு மட்டும் சிவப்பு மை. பால் குறைவாம். பால் கம்பெனி ஆய்வாளர் எங்கள் பாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முதல் வேலையாக கோணக்கொம்பை மாட்டுத் தரகர் தலையில் கட்டிவிடுவதாக முடிவு. ஒன்பது வருடமாக என் கைக்குக் கறக்கும் மாடு. கணவரிடம் முறையிட்டேன்.

"அண்ணன் யோசிக்காம எதுவும் சொல்லமாட்டாரு," என்றார். இவருக்கும் சேர்த்து அவர்தான் யோசிக்கிறார்.

ஆய்வாளர் வரும் நாள் காலையில் மேனேஜர் கோழிகளைக் கூண்டில் அடைத்தார். சுகாதாரமாம். பிறகு எலுமிச்சை வாசனைத் திரவத்தைத் தொழுவம் முழுக்க வாளி வாளியாக ஊற்றினார்.

"மாமா, கறக்கற நேரத்துல இதெல்லாம் ஊத்தக் கூடாது."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு. உள்ள வந்ததுமே அவங்க அசந்துபோகணும்."

மற்ற மாடுகள் தலையைச் சிலுப்பிக்கொண்டு உள்ளே போயின. கோணக்கொம்பு வாசலிலேயே நின்றுவிட்டாள். இழுத்துப் பார்த்தும் அசையவில்லை. அவளை வெளியே வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கட்டிவிட்டு, மற்ற மாடுகளைக் கறந்து கேனை நிரப்பினேன். கூண்டிலிருந்து தப்பித்த பெட்டைக்கோழி ஒன்று வழக்கம்போல அவள் காலடியில் வந்து கிளறத் தொடங்கியது.

ஆய்வாளர் ஒல்லியான ஒரு அம்மா. தொழுவத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பால் கேனைத் திறந்து முகர்ந்தார்.

"பால்ல எலுமிச்சை வாசனை அடிக்குதே. பக்கத்துல எது இருந்தாலும் பால் அந்த வாசனையை இழுத்துக்கும்னு தெரியாதா?"

மேனேஜர் என் பக்கம் கை காட்டினார். "நானும் எவ்வளவோ சொன்னேன் மேடம். இவங்க கேட்டாத்தானே."

கையில் இருந்த வாளியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் அந்த வாளி எனக்கு வேண்டியிருந்தது. நேராகக் கோணக்கொம்பிடம் போய் அரை வாளி கறந்து, நுரை அடங்கும் முன் கொண்டுவந்து நீட்டினேன். ஆய்வாளர் முகர்ந்து பார்த்தார். சோதனைக் குழாயில் ஊற்றிப் பார்த்தார். படிவத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"இந்த மாட்டுப் பாலை வச்சுத்தான் அனுமதி. இதை வித்துட்டா மறுபடி முதல்லேருந்து சோதனை. கறக்கறவங்க பேரு?"

"என் பேரையே எழுதிக்குங்க," என்றார் மேனேஜர். "மாட்டை வெளியில கட்டச் சொன்னதே நான்தான்."

"அப்படியா. கொஞ்சம் கறந்து காட்டுங்க."

ஆய்வாளர் பேனாவோடு காத்திருந்தார். மேனேஜர் என்னிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு போனார். முக்காலியை மாட்டின் இடப்பக்கம் போட்டார். கோணக்கொம்பு இன்றுவரை வலப்பக்கம் தவிர வேறெங்கும் யாரையும் உட்காரவிட்டதில்லை. இடப்பக்கம் தொட்டால் உதை நிச்சயம்.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.