தூம்பா அறையில் எடுத்த பெண் போட்டோ

எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்ததும் தரகர் குழந்தைசாமி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விழுப்புரத்துல ஒரு பையன் இருக்கான்டா சவரி. இருதயராஜுன்னு பேரு. லேத்து பட்டறையில வேல, குடி கிடி ஒண்ணும் கெடையாது. அவங்கம்மா பொண்ணு போட்டோ கேக்குது. வர்ற ஞாயித்துக்கெழம குடுத்தாவணும். இல்லன்னா செஞ்சிப் பக்கம் வேற பொண்ணு ஒண்ணு வந்துக்கினு இருக்கு."

என் தங்கை எலிசாவுக்கு வயது முப்பதை நெருங்கிவிட்டது. எங்களுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. போன வருஷம் திண்டிவனத்தில் ஒரு ஸ்டூடியோவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். எலிசா நல்ல கறுப்பு. அந்த ஆள் பவுடரை அப்பி, இரண்டு விளக்கை நேராக முகத்தில் அடித்து எடுத்தார். போதாதென்று கம்ப்யூட்டரில் வேறு வெளுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். எலிசா காபித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அத்தை அவளைப் பார்த்தாள், கையிலிருந்த போட்டோவைப் பார்த்தாள், "பொண்ண வரச் சொல்லுங்க" என்றாள். இதுதான் பெண் என்றேன். "அப்ப போட்டோல இருக்கறது யாரு, உன் பொண்டாட்டியா?" என்று கேட்டாள். வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எலிசா தட்டைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள்.

விழுப்புரம் சங்கதியைச் சொன்னதும் அவள் அடுப்பைவிட்டு எழுந்திருக்காமலே பதில் சொன்னாள்.

"எந்த ஸ்டூடியோவுலயும் இனிமே குந்த மாட்டேண்ணா. நீ எடு. நான் எப்டிக்கீறனோ அப்டி எடு. இல்லன்னா இந்தப் பையனும் வேணாம், எவனும் வேணாம்."

நான் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, நெல், உளுந்து, எது வந்தாலும் முதுகுதான். கோட்டக்குப்பத்தில் துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் தன் பழைய கேமராவை விற்றபோது வாங்கினேன். பைத்தியம் என்றார்கள். லீவு நாளில் கூட வேலை செய்கிறவர்களைப் புளிய மரத்தடியில் உட்காரவைத்து எடுப்பேன். மரத்தடி நிழலில் முகம் பதமாக வரும். ஆனால் இது ஐப்பசி. வானம் ஒழுகிக்கொண்டே இருந்தது. மழை விட்டாலும் எலிசா வெளியில் உட்கார மாட்டாள். கல்யாண வயசுப் பெண்ணைத் தெருவில் வைத்துப் படம் பிடித்தால் ஊரே கூடி நிற்கும்.

வீட்டுக்குள் எடுக்கலாம் என்றால், எங்கள் வீட்டு ஜன்னல் உள்ளங்கை அகலம். பிளாஷ் அடித்தால் மூக்கும் நெற்றியும் பளபளக்கும், மிச்ச முகம் கரியாகிவிடும். எனக்கு வேண்டியது பெரிய ஜன்னல் உள்ள ஓர் அறை. வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். சுண்ணாம்புச் சுவர் இருக்கக் கூடாது. வெள்ளைச் சுவர் முன்னால் உட்காரவைத்தால் கேமரா ஏமாந்து முகத்தை இன்னும் இருட்டடிக்கும். ஒரு மணி நேரம் அப்படி ஓர் இடம் கிடைத்தால் போதும்.

திங்கட்கிழமை வேலை விட்டதும் கமிட்டிக்குப் பக்கத்து மண்டி முதலாளி வேங்கடேசனிடம் மாடி குடோனைக் கேட்டேன்.

"சாக்கு வெக்கவே எடம் இல்ல, உனுக்கு போட்டோ வெக்கணுமா?" என்றார். "நாளிக்கி குடோன்ல சினிமா எடுக்கறேன்னு வருவ."

மறுநாள் ரயிலடிப் பக்கம் வாடகைக்கு விடும் மாடி அறை ஒன்றைப் பார்த்தேன். என்ன ஜன்னல்! நின்றால் முழு ஆள் தெரியும். வீட்டுக்கார லட்சுமியம்மாள் படியிலேயே மறித்தார்.

"குடும்பத்தோட வர்றியா?"

"குடி வரலீங்கம்மா. ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா போதும். ஒரு பொண்ண போட்டோ எடுக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது.

"ஒரு மணி நேரத்துக்கு ரூமு. கேமரா. கூட ஒரு பொண்ணு." அந்தம்மா புடவையை இழுத்துச் செருகினார். "இது மானமா பொழைக்கிற வூடு. போலீசக் கூப்புடட்டா?"

"என் தங்கச்சிங்கம்மா. சத்தியமா!"

"எல்லாப் பயலும் அதத்தான் சொல்றானுங்க. எறங்குடா."

தெருவில் இரண்டு பேர் நின்று என்னைப் பார்த்தார்கள். சட்டையெல்லாம் மல்லாட்டைத் தூசி, கையில் கேமராப் பை. இறங்கிச் சைக்கிளை எடுத்தேன்.

அதற்கப்புறம் கல்யாண மண்டபத்தில் மணமகள் அறையைக் கேட்டேன். முழு நாள் வாடகை கட்டினால்தான் கதவே திறப்போம் என்றார்கள். பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் சிரித்துவிட்டுக் கேட்டைச் சாத்தினார். ஒவ்வொரு நாளும் மூட்டை இறக்கிவிட்டு, மழையில் நனைந்துகொண்டு, மற்றவர்கள் வீட்டு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். ஊரில் எத்தனை பெரிய ஜன்னல்கள்! அத்தனையும் இரும்புக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தன. வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எலிசா தன் பாட்டுக்கு மாம்பழ நிறப் பட்டுப்புடவையை எடுத்து மடிப்பு மாற்றி மடித்து வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குத் தூம்பா அறை ஞாபகம் வந்தது.

தூம்பா என்றால் எங்கள் ஊரில் செத்தவர்களைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் பொதுப் பெட்டி. உடலைக் குழியில் இறக்கிவிட்டுப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து, கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் வைப்பார்கள். சாவு விழுந்தால் தவிர அந்த அறையை யாரும் திறப்பதில்லை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். அதற்கு வெளியே மரம் இல்லை, வீடு இல்லை, கல்லறை வரைக்கும் வெறும் வெட்ட வெளி. பல வருஷத்து மெழுகுவர்த்திப் புகையில் சுவரெல்லாம் சாம்பல் நிறம். கறுப்பு முகத்துக்கு அதைவிட நல்ல சுவர் கிடையாது.

சாவி கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் ராயப்பனிடம் இருந்தது.

"உனுக்கு புத்தி கித்தி பெசகிப்போச்சா?" என்றார். "நானே ஒண்டியா அங்க போவ மாட்டேன். கல்யாணப் பொண்ணு போட்டோவ அங்கயா எடுப்பாங்க?"

"வேற எங்கங்க எடுக்கட்டும்? நீங்களே ஒரு எடம் சொல்லுங்க."

அவருக்கும் இடம் தெரியவில்லை. "பங்குச் சாமியாரு திண்டிவனம் போயிருக்காரு, நாளிக்கி மத்தியானம் வந்துருவாரு. ஜல்தியா முடி. கேட்டா நான் குடுக்கலன்னுதான் சொல்லுவேன்" என்று சாவியை என் கையில் போட்டார்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் போய், தூம்பாவை ஒரு மூலைக்குத் தள்ளி, அதன்மேல் பூப்போட்ட பெட்ஷீட்டை விரித்து மூடினேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டேன். எலிசா குடைக்குள் புடவை நனையாமல் வந்து சேர்ந்தாள். உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"பெட்ஷீட்டுக்குள்ள இன்னாண்ணா?"

"பழைய பெஞ்சி."

"எனக்குத் தெரியாதா? அப்பாவ இதுலதான எடுத்துக்கினு போனோம்."

வேண்டாம், போய்விடலாம் என்றேன். அவள் போகவில்லை. பெட்ஷீட்டை எடுத்து மடித்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். ஸ்டூலைத் தானே திருப்பிப் போட்டு, தூம்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"கேமராவப் பாத்தா அந்த அத்தக்காரி மூஞ்சிதான் ஞாபகம் வருது. நான் அப்பாவப் பாத்துக்கினு குந்தறேன். நீ எடுத்துக்கோ."

ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் இறங்கியது. கறுப்பிலும் எத்தனை கறுப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே ஒன்று, தாடையில் ஒன்று, கழுத்தில் ஒன்று. மூச்சை அடக்கி அடக்கி எடுத்தேன்.

"எங்க எடுத்தன்னு கேட்டா பொய் சொல்லாதண்ணா" என்றாள் எழுந்திருக்கும்போது. "போட்டோ பொய் சொன்னதே போதும்."

சனிக்கிழமை விழுப்புரத்தில் பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தரகரோடு இருதயராஜ் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா, பெயர் ஞானசௌந்தரி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டோவை நிறைய நேரம் பார்த்தார்.

"கறுப்புதான்" என்றார். "ஆனா லட்சணமா இருக்கு. கண்ணு பேசுது. இந்தாடா, நீ பாரு." மகன் வாங்கிப் பார்த்தான். முகத்தைத் தூக்கவே இல்லை.

தரகர் என் தொடையைத் தட்டினார்.

"எந்த ஸ்டூடியோப்பா?" என்று கேட்டார் அந்தம்மா. "நல்லா எடுத்திருக்கான். இவனுக்கும் அங்கயே ஒண்ணு எடுத்துக் குடுத்துடலாம்."

திண்டிவனத்தில் ஏதாவது ஒரு ஸ்டூடியோ பெயரைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தரகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டூடியோ இல்லீங்கம்மா. நான்தான் எடுத்தேன். எங்க கோயில் தூம்பா ரூம்ல."

அந்தம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "சாவுப் பெட்டி வெக்கிற ரூம்லயா? நல்ல காரியத்துக்கு அனுப்புற போட்டோவயா?"

"கேக்காத எடம் இல்லீங்க. ஊருல யாரும் எனக்கு ஒரு ஜன்னல் குடுக்கல. அங்கதான் குடுத்தாங்க." "பொண்ணு மேல எந்தக் கொறையும் இல்லீங்கம்மா."

"டேய், போட்டோவ அவங்க கையில குடு."

பெண்ணின் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தால் வேண்டாம் என்று அர்த்தம். அதற்குமேல் பேச்சு கிடையாது. நான் கையை நீட்டாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருதயராஜ் எழுந்தான்.

"ரூமு எதுவா இருந்தா இன்னாம்மா? பொண்ணு உயிரோடதான இருக்கு." போட்டோவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"அவன்கிட்ட வாங்கி அனுப்பறேன். நீங்க கெளம்புங்க" என்றார் அந்தம்மா தரகரிடம். பஸ்ஸில் விக்கிரவாண்டி வரைக்கும் தரகர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். "அரிச்சந்திரன் பேரன்! ஒரு ஸ்டூடியோ பேரு உன் வாயில வரல?"

நடந்ததை எலிசாவிடம் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் வாசலில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாலே, போட்டோ திரும்பி வந்துவிட்டதோ என்று அவள் கை வேலையில் நின்றுவிடும்.

அந்த வாரத்தில் ஒரு நாள் கமிட்டியில் முதுகில் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தேன். மூட்டை இருக்கும்போது தலையைத் தூக்க முடியாது. தரகரின் செருப்பு எதிரில் வந்து நின்றது.

"கையில இன்னாங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லடா. பையன் குடுக்க மாட்டேன்றானாம். அந்தம்மா அவன்கூடப் பேசறதே இல்லயாம். பேஜாரா கெடக்கு அந்த வூடு." குரலைத் தாழ்த்தி, "செஞ்சிப் பக்கம் ஒரு ரெண்டாந்தாரம் இருக்கு. பாக்கட்டா?" என்றார்.

"வேணாங்க."

"அந்தம்மா எறங்கி வரும்னு நம்பிக்கினு இருக்கியா?"

"போட்டோ திரும்பி வரலியே" என்றேன்.

பின்னால் மேஸ்திரி வழியை விடச் சொல்லிக் கத்தினார். தரகரின் செருப்பு விலகியது. நான் லாரியைப் பார்த்து நடந்தேன்.