கடலுக்குப் போகும் லிங்க்

ஹாரிகாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. பழைய ஃபோல்டர்களைத் தானாக அழிக்க அவள் எழுதிய துப்புரவு ஸ்கிரிப்ட்டை, பக்கத்து இருக்கை நஸீமா மறுபடியும் மேலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். கொண்டாப்பூரில் இருந்த அந்த கிராஃபிக்ஸ் ஸ்டூடியோவில் எல்லோரும் தற்காலிக வேலைகளைப் போட்டுவைக்கும் ரஃப் டிஸ்க் கழுத்துவரை நிறைந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அதைக் காலி செய்யாவிட்டால் படத்தின் கடைசிக் காட்சிகள் பாதியில் நிற்கும்.

"என்னம்மா நஸீமா, பரீட்சைக்குப் படிக்கிறியா? ரன் பண்ணும்மா!" கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் பிரபாகர் சார் கத்தினார். கை வேகமாக ஓடுகிறவள் கெட்டிக்காரி, யோசிக்கிறவள் மந்தம். அவருடைய கணக்கு அவ்வளவுதான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த ஹாரிகாவும் அந்த வேகத்தை வைத்துத்தான் இதுவரை பிழைத்திருந்தாள்.

"லிங்க் வந்தா உள்ளே போகாதேன்னு எழுதியிருக்கேனே, கண்ணு தெரியலையா?" என்று நஸீமாவிடம் எரிந்து விழுந்தாள்.

"தெரியுதுடி. லிங்க்கா, நிஜ ஃபோல்டரான்னு முதல்ல பாக்குற. அப்புறம் அதே பேரைச் சொல்லி உள்ளே நுழையுற. நடுவுல மாறிட்டா?"

"அந்தக் கண் சிமிட்டுற நேரத்துல எவன் மாத்துவான்?"

நஸீமா எதிர் வரிசையைத் தாடையால் சுட்டிக் காட்டினாள். ரஃப் டிஸ்க் இன்று காலியாகும் என்று காலையில் எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பியது ஹாரிகாதான். அதைப் படித்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் வேலையைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, காட்சி உடையாமலிருக்க, பழைய இடத்தில் அதே பெயரில், புது இடத்துக்கு வழிகாட்டும் ஒரு லிங்க்கை வைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது, இந்த நிமிடத்தில். அந்த வரிசையில் ஷேக் மஸ்தான் வாயில் மிர்ச்சி பஜ்ஜியோடு, படத்துக்காக மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுக் கணினியில் உருவாக்கிய தன் கடலை மாற்றிக்கொண்டிருந்தான். அதற்கு வேறு நகல் கிடையாது. ஸ்கிரிப்ட் அந்த லிங்க் வழியாக நுழைந்தால், பத்திரமான இடத்தில் இருக்கும் கடலே வற்றிப்போகும்.

ஹாரிகாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

"லிங்க்கா இருந்தா திறக்கவே மறுக்கிற கட்டளையால திற," என்றாள் நஸீமா. "திறந்ததைக் கைல பிடிச்சுக்கோ. கையில இருக்கறதுக்கு உள்ள மட்டும் அழி. பேரைத் திரும்பக் கூப்பிடாத. பேரு எது மேல வேணா ஒட்டிக்கும்."

பேச்சில் துளி இளக்காரம் இல்லை. என்ன தலைடா இவளுக்கு என்று ஹாரிகா மனசுக்குள் வியந்தாள். வியந்ததற்கும் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

பிரபாகர் சார் எழுந்தே வந்துவிட்டார். "இன்னும் முடியலையா? இவளோட சேர்ந்து நீயும் ஆமையாயிட்டியா?"

"முடியல சார். முடிஞ்சா நாங்களே சொல்வோம். தலைமேல நிக்காதீங்க." திரும்பிக்கூடப் பார்க்காமல் ஹாரிகா தட்டச்சு செய்தாள். அவர் போகும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

திருத்திய ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியது. ஃபோல்டர்கள் வரிசையாகக் காலியாகித் திரையில் ஓடின. அந்த ஓட்டத்துக்கு நடுவே ஒரு வரி:

மஸ்தான்/கடல் — பார்த்தபோது ஃபோல்டர். திறக்கும்போது லிங்க். திறக்கவில்லை.

ஹாரிகா நஸீமாவின் தோளைத் தொட்டாள். அவளோ ஆறிப்போன சாயாவில் மிதந்த பாலாடையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஹாரிகா, என் கடல் இருக்குல்ல?" எதிர் வரிசையிலிருந்து மஸ்தான் கத்தினான்.

"நீயே ஓட்டிப் பாரு!"

அவன் எண்ணெய் விரலால் ஒரு பொத்தானை அழுத்தினான். கறுத்த அலை ஒன்று மெல்ல எழுந்து, திரையின் விளிம்புவரை உயர்ந்து, நுரையாக உடைந்தது.