ஸலாஹுதீன் நானா பஸ்ஸில் படுத்தது

கற்பிட்டியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஸலாஹுதீனுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஊருக்கு அவர் நானா, அண்ணன் முறை. நல்ல மனிதர். கைமாற்றாகக் கொடுத்த சுத்தியலைத் திருப்பிக் கேட்கக்கூட வெட்கப்படுவார். ஆனால் கோபம் வந்தால் ஆளே வேறு. எதிர்ப்பக்கத் தேநீர்க்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் கடையில் அன்றைக்கு என்ன விற்றது என்பது தெரியாது. யாரை என்ன சொல்லி ஏசினார் என்பது சொல்லுக்குச் சொல் தெரியும்.

மனைவி பஹ்மிதா இதை இருபத்தெட்டு வருடம் பொறுத்தாள். பொறுமை முடிந்தது பக்கத்து வீட்டுக் கலியாணத்தில்.

பக்கத்து வீட்டு ஜபார், மகளின் கலியாணத்துக்கு ஆளுயரப் பாட்டுப் பெட்டிகள் இரண்டைக் கொண்டுவந்து வேலியோரமாக நிறுத்தியிருந்தார். பகல் மூன்று மணிக்குத் தொடங்கிய சத்தத்தில் ஸலாஹுதீன் வீட்டு அலுமாரியின் கதவு தானாகவே திறந்தது. அவர் சாத்தினார். திறந்தது. நான்காவது தடவை திறந்தபோது அவர் அலுமாரியை விட்டுவிட்டுக் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி, கையில் அகப்பட்ட வயரை வெட்டினார். குறட்டின் பிடிக்கு றப்பர் உறை இருந்ததால் உயிர் தப்பினார். அவர் வெட்டியது பந்தலுக்கே வந்த வயர். பாட்டும் நின்றது, மின்விசிறிகளும் நின்றன, முந்நூறு கோப்பை ஐஸ்கிரீம் இருந்த குளிர்பெட்டியும் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் இறங்கியபோது ஸலாஹுதீன் ஒரு கதிரையின் மேல் ஏறி நின்று, மனிதன் மனிதனை மதிக்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பஹ்மிதா மதுரங்குளியில் இருக்கும் மகள் ஜுமானாவின் வீட்டுக்குப் புறப்பட்டாள். போகும்போது அவள் சண்டை பிடிக்கவில்லை.

"நீங்க சொன்னது நியாயந்தான். பாட்டுச் சத்தம் கூடத்தான்," என்றாள். "ஆனா அந்தப் பெட்டிய விட உங்கட சத்தம் கூட. நான் கொஞ்ச நாள் அமைதியா இருந்திட்டு வாரன்."

கொஞ்ச நாள் ஒரு மாதமாயிற்று. ஸலாஹுதீன் காலையிலும் மாலையிலும் பாணும் சம்பலும் தின்றார். ஏசுவதற்கும் வீட்டில் ஆள் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆப் பிரசங்கத்தில், கோபம் வந்தால் நிற்கிறவர் உட்கார்ந்துகொள்ள வேண்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ள வேண்டும் என்ற நபிமொழி காதில் விழுந்தது. சின்ன வயதில் மதறஸாவில் கேட்டதுதான். அன்றைக்குத்தான் அது தனக்குச் சொன்னது போலிருந்தது. பொருளைப் பொருத்திப் பூட்டும் முறையை ஒன்று, இரண்டு என்று பெட்டியின் மேல் அச்சடித்திருப்பார்களே, அது போலத் தெளிவாக இருந்தது அவருக்கு.

சனிக்கிழமையே கடையில் தொடங்கிவிட்டார். ஆணி வாங்க வந்தவர்கள், ஸலாஹுதீன் பேச்சின் நடுவே திடீரென்று உட்காருவதைக் கண்டார்கள். வாங்கிக்கொண்டுபோன வாளியைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒருவர், அவர் சீமெந்து மூட்டைகளின் மேல் மல்லாந்து படுப்பதைக் கண்டு வாளியைத் திரும்ப எடுத்துக்கொண்டே போய்விட்டார். ஆனாலும் வேலை செய்தது. பதினைந்து நாட்கள் கடையிலிருந்து ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. தேநீர்க்கடைக்காரர் கவலைப்பட்டு வந்து சுகம் விசாரித்தார்.

பஹ்மிதாவிடம் போனில் சொன்னபோது அவள் நம்பவில்லை. போனில் யாரும் அமைதியாக இருக்கலாம், நேரில் வாருங்கள் பார்ப்போம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வெளுத்த சாரமும் புதுச் சட்டையும் உடுத்து, மதுரங்குளி வழியாகச் சிலாபம் போகும் பஸ்ஸில் ஏறினார்.

அது கிளைட்டன் ஓட்டும் பஸ். முன்னால் இரண்டு பாட்டுப் பெட்டிகள், மேல் தட்டில் நான்கு, பின் ஆசனத்துக்கு அடியில் ஒன்று. பைலாப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. கொட்டு விழும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடிகள் கூடவே கொட்டின. பஸ் கற்பிட்டி ஊரைத் தாண்டுமுன்பே ஸலாஹுதீனின் காது மடல் சூடாகிவிட்டது. நின்றுகொண்டிருந்தார். உட்கார வேண்டும். உட்கார இடமில்லை.

முதலில் அவர் முறையாகத்தான் கேட்டார். கொண்டக்டர் இன்னாசிப்பிள்ளை பக்கத்தில் வந்தபோது, பாட்டைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று மெதுவாகச் சொன்னார். இன்னாசிப்பிள்ளை காதைக் கொண்டுவந்து கேட்டார், தலையாட்டினார், நுரைச்சோலைக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

தலவிலக் கோயிலடியில் பலர் இறங்கியதால் பின்னாலிருந்த நீள ஆசனத்தில் இடம் கிடைத்தது. ஸலாஹுதீன் போய் உட்கார்ந்தார். பஸ்ஸில் இருந்ததிலேயே பெரிய பெட்டி அந்த ஆசனத்துக்கு நேர் கீழேதான் இருந்தது என்பது உட்கார்ந்த பிறகே தெரிந்தது. சத்தம் இப்போது காது வழியாக அல்ல, முதுகெலும்பு வழியாக வந்தது. ஏசுவதற்கான சொற்கள் தொண்டை வரை வந்து வரிசையில் நின்றன. பதினைந்து நாட்களை நினைத்தார். மதுரங்குளியில் காத்திருப்பவளை நினைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆசனத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார்.

அதே ஆசனத்தின் மூலையில் சிலாபத்துக்குக் கருவாடு கொண்டுபோகும் அல்பொன்சா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, வியர்த்து, ஒரு கையை நெஞ்சில் வைத்தபடி ஒரு மனிதர் பக்கத்தில் சரிந்ததை அவள் பார்த்தாள். தணிவதற்காக அவர் திக்ரு ஓதிக்கொண்டிருந்ததால் உதடுகள் அசைந்தன. அல்பொன்சா எழுந்து கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கு முடியப் போகிறது, கடைசிக் கலிமா சொல்கிறார் என்று பாட்டுக்கு மேலால் கூவினாள்.

பிறகு நடந்ததெல்லாம் மிக வேகமாக நடந்தது. இன்னாசிப்பிள்ளை ஓடிவந்தார். யாரோ சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார்கள், யாரோ உள்ளங்காலைத் தேய்த்தார்கள். அல்பொன்சா ஒரு போத்தல் தண்ணீரை முகத்தில் கவிழ்த்தாள். கோபத்துக்குத் தண்ணீர் நல்லது என்றும் ஸலாஹுதீன் கேள்விப்பட்டிருந்தார். அது மூக்குக்குள் போனால் நல்லதா என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எழும்பப் பார்த்தார். இந்த நேரத்தில் அசையக் கூடாது என்று நான்கு பேர் பிடித்து அமுக்கினார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று மெதுவாகச் சொன்னார். பாட்டில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை.

ஒரே ஒரு தடவை கத்தினால் போதும். அவருடைய குரல் அந்த ஏழு பெட்டியையும் அமுக்கிவிடும், அது அவருக்குத் தெரியும். அப்படிக் கத்தினால் மெதுவாக முடிக்கத் தன்னால் முடியாது என்பதும் தெரியும். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அதைப் பார்த்த அல்பொன்சா, பல்லுக் கிட்டிவிட்டது என்றாள்.

கிளைட்டன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. பதற்றத்தில் பாட்டை நிறுத்தவும் மறந்துபோனான். பாலாவிச் சந்தியில் சிலாபத்துக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டிய பஸ், இடப்பக்கம் புத்தளத்தை நோக்கித் திரும்பியது. சிலாபத்துக்குப் போக இருந்தவர்களில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. உப்பளங்களைத் தாண்டி, கொட்டும் மேளமுமாகப் பஸ் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. காவலாளி கையை விரித்துக்கொண்டு ஓடிவந்த பிறகுதான் கிளைட்டன் பாட்டுச் செட்டை நிறுத்தினான்.

திடீரென்று வந்த அமைதியில் ஸலாஹுதீன் எழுந்து உட்கார்ந்தார். முகத்தை வழித்துக்கொண்டார்.

"எனக்கு நெஞ்சு வருத்தம் ஒண்டும் இல்ல," என்றார். "கோவம் மட்டுந்தான்."

யாரும் விடவில்லை. உள்ளே கொண்டுபோய்ப் பிரஷர் பார்க்க வைத்தார்கள். கொஞ்சம் கூடுதல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று நர்ஸ் சொன்னார். பக்கத்தில் நின்ற கிளைட்டனையும் உட்கார வைத்து அவனுக்கும் பார்த்தார். அவனுக்கு அதைவிடக் கூட இருந்தது.

வெளியே வந்ததும் கிளைட்டன் வெடித்தான். முப்பத்தைந்து வயது வாட்டசாட்டமான ஆள், ஆஸ்பத்திரி முற்றத்தில் நின்று, ஒருத்தருக்குக் கோபம் வந்தால் இப்படியா செய்வது, பஸ்ஸில் போகிற அத்தனை சனத்தையும் வழி மாற்றிக் கொண்டுவந்திருக்கிறேனே என்று பொரிந்தான். "நீங்க செத்துப் போவீங்களெண்டு மாதாவக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓட்டினன் நானா," என்றபோது அவனுடைய குரல் உடைந்தது.

ஸலாஹுதீன் அவனை நிமிர்ந்து பார்த்தார். யாரென்றே தெரியாத தனக்காக இவன் லைசன்ஸ் போனாலும் பரவாயில்லை என்று ஓட்டியிருக்கிறான். ஏழு பெட்டிக்கும் நடுவில் இருக்கும் ஆளைத் தான் ஒரு தடவையும் பார்க்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது. வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து, அவனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க தம்பி. வாயத் திறந்திருந்தா உங்கள ஏசியிருப்பன். அதான் திறக்கல்ல."

"ஏசியிருக்கலாம். எனக்குப் பழக்கம்," என்றான் கிளைட்டன். இரண்டு வருடமாக ஏசியிருக்கிறார்கள், மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டிருக்கிறார்கள், ஒருத்தர் இறங்கும்போது வயரையே பிடுங்கிக்கொண்டு போனார் என்றான். வயர் என்றதும் ஸலாஹுதீன் தரையைப் பார்த்தார். "நல்ல வாயால ஒருத்தரும் கேட்டதில்ல நானா. கேட்டா குறைச்சிருப்பன்."

"நான் கேட்டன். நுரைச்சோலைக்கு டிக்கெட் தந்தாங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து நனைந்த டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். கிளைட்டன் அதை வாங்கிப் பார்த்தான். முதலில் அவனுடைய தோள்தான் குலுங்கியது, பிறகு வாய் விட்டே சிரித்தான். ஸலாஹுதீனுக்கும் அடக்க முடியவில்லை.

அந்த நேரத்தில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. இன்னாசிப்பிள்ளை பஸ்ஸிலிருந்தபோதே ஸலாஹுதீனின் போனை எடுத்துக் கடைசியாகப் பேசிய இலக்கத்துக்கு அழைத்திருந்தார். பாட்டுச் சத்தத்தில் பஹ்மிதாவுக்குக் கேட்டது ஆஸ்பத்திரி என்ற ஒரு சொல் மட்டும். அவளும் ஜுமானாவும் மதுரங்குளியிலிருந்து அழுதுகொண்டே வந்திருந்தார்கள். இறங்கிப் பார்த்தால், மனிதர் நனைந்த சட்டையோடு வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து பஸ்காரனோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பஹ்மிதா தொடங்கினாள். இருபத்தெட்டு வருடமாக அவள் ஏசாமல் சேர்த்து வைத்திருந்தது முழுவதும் அந்த முற்றத்தில் வெளியே வந்தது. நோயாளிகள் ஜன்னலுக்கு வந்தார்கள். காவலாளி இரண்டாம் முறையாகக் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். ஸலாஹுதீன் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஏச்சு என்பது வாங்குகிற பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் கிளைட்டன் நடந்ததைச் சொன்னான். நாலு பேர் அமுக்கிப் பிடித்தது, தண்ணீர் ஊற்றியது எல்லாம் சொன்னான்.

"தண்ணி ஊத்தியும் ஏசல்லியா?" என்று பஹ்மிதா கேட்டாள்.

"ஒரு போத்தல் முழுசா ஊத்தினன்," என்றாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்த அல்பொன்சா. "மாதா மேல சத்தியம், ஒரு சொல்லு சொல்லல்ல."

பஹ்மிதா கணவனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முந்தானையால் அவருடைய தலையைத் துவட்டினாள்.

எல்லோரும் பஸ்ஸிலேயே மதுரங்குளிக்குப் புறப்பட்டார்கள். கிளைட்டன் செட்டைப் போடவில்லை. ஆனால் பாலாவி தாண்டுவதற்குள் ஸலாஹுதீனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒரு போனில் நாடகம் ஓடியது, ஒரு போனில் கிரிக்கெட், இன்னொன்றில் யாரோ சமையல் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாம் முழுச் சத்தத்தில்.

"பார்த்தீங்களா?" என்றான் கிளைட்டன் கண்ணாடியில் அவரைப் பார்த்து. "நாப்பது பேருக்கு நாப்பது சத்தம். அதுக்கு மேலால நான் ஒண்டப் போட்டா ஒரே சத்தம்."

எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது அல்பொன்சாவின் போன். ஸலாஹுதீனின் காது மடல் மறுபடியும் சூடாகத் தொடங்கியது. அவர் எழுந்து போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, சற்று நேரம் சொல்லைத் தேடினார்.

"தங்கச்சி, அதக் கொஞ்சம் குறைக்க ஏலுமா?"

"சொன்னாத்தானே தெரியும்," என்று அவள் உடனே குறைத்தாள். அதைப் பார்த்துக் கிரிக்கெட்காரரும் குறைத்தார். சமையல்காரி மட்டும் குறைக்கவில்லை. மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று சொல்லும் கட்டம், பஸ்ஸிலிருந்த பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸலாஹுதீன் அதை விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் பஹ்மிதா பையைக் கட்டினாள். இருவரும் கற்பிட்டிக்குத் திரும்பியதும் கிளைட்டனின் பஸ்ஸில்தான். பின் ஆசனத்துப் பெட்டியை அவன் கழற்றியிருந்தான். முன்பெட்டி இரண்டும் மட்டும், பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கக்கூடிய அளவில் பாடிக்கொண்டிருந்தன. வழியில் ஸலாஹுதீன், நாளைக்கே ஜபாரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், நீயும் வர வேண்டும் என்றார். பஹ்மிதா வருகிறேன் என்றாள். அதற்கு மேல் அவள் அவர் சொன்னதைக் கவனிக்கவில்லை, பாட்டைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

நுரைச்சோலையில் பஸ் நின்றபோது அவள் முன்னால் எட்டி, "தம்பி, இது நல்ல பாட்டு. கொஞ்சம் கூட்ட ஏலுமா?" என்று கேட்டாள்.

கிளைட்டன் கண்ணாடியில் ஸலாஹுதீனின் முகத்தைத் தேடினான். அவர் இரண்டு விரலைக் கொஞ்சமாக விரித்து, இவ்வளவு என்று காட்டினார்.