சிவப்பு அம்பு

தேஜஸ்ரீக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? மூன்று வருஷமாக பி.எஸ்ஸி. கணிதத்தில் அவள்தான் முதல். சென்னைக் கருத்தரங்குக்குக் கல்லூரி ஒரே ஒரு மாணவர் ஆய்வேட்டை அனுப்பப் போகிறது என்றதும், எல்லார் வாயிலும் கூடப் படிக்கும் ஜெபக்குமார் பெயர்!

அவன் எடுத்த தலைப்பு அப்படி. முழு எண்களை வைத்து எழுதும் எந்த இயற்கணிதச் சமன்பாட்டுக்கும் விடையாக அகப்படாத எண்ணுக்கு விஞ்சிய எண் என்று பெயர். வட்டத்துக்கு வரும் ‘பை’யும், மடக்கைக்கு வரும் ‘ஈ’யும் அந்த ஜாதி. இரண்டையும் கூட்டினால் வருவதும் அதே ஜாதியா? உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அதை நிரூபித்துவிட்டேன் என்கிறான் மண்ணரைப் பக்கம் வாடகை ரூமில் இருக்கும் பையன். என்ன திமிர்! தேஜஸ்ரீயோ, பெரியவர்கள் எப்போதோ முடித்து வைத்த நிரூபணம் ஒன்றைப் பிசகில்லாமல் எழுதியிருந்தாள்.

“நீ பாத்தா ஒண்ணும் தப்பாது தேஜு, ஒருக்கா பாத்துச் சொல்லு” என்று அவனே பிரதியைக் கொடுத்தான்.

வீரபாண்டியில் அப்பாவின் பனியன் கம்பெனி. செக்கிங் டேபிளில் உட்கார்ந்து படித்தாள். துணியில் டேமேஜ் இருந்தால் அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். டேமேஜ் வந்தாலும் அப்பா டெய்லர்களைத் திட்டமாட்டார். “தெச்சவங்களுக்குத்தானுங்க டேமேஜ் வரும்” என்பார்.

நடுப்பக்கம் ஒன்றில் மாட்டினான். இரண்டு விஞ்சிய எண்களைக் கூட்டினால் விஞ்சிய எண்தான் வரும் என்று தன்னை அறியாமலே வைத்துக்கொண்டிருந்தான். பை ஒரு விஞ்சிய எண். நாலில் பை போக மிச்சமும் விஞ்சிய எண். கூட்டினால் வெறும் நாலு! பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அந்த வரியில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டினாள்.

அவனிடம் தனியாகச் சொன்னாளா? எதற்கு? துறைக் கூட்டத்தில், அவன் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது எழுந்தாள்.

“ஏனுங்க மேடம், இந்த வரியைக் கொஞ்சம் பாருங்க.”

கூட்டம் சிரித்தது. ஜெபக்குமார் முகம் செத்துப்போனது. தேஜஸ்ரீக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

அவன் பலகைப் பக்கம் திரும்பினான். “ஆமா மேடம். இங்கனதான் உடையுது. இதுக்கு மேல போவணும்னா என்ன தெரியணும்னு இப்பத்தான் புரியுது” என்று பாதியை அழித்துவிட்டு எழுத ஆரம்பித்தான்.

துறைத் தலைவர் மயிலாள் மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “நிரூபணம் போச்சு கண்ணு. ஆனா எங்க முட்டுதுன்னு தெளிவாயிருச்சு. அதையே எழுது. சென்னைக்கு அதுதான் போகோணும்.”

வெளியே வந்ததும் ஜெபக்குமார் அவளிடம் ஓடி வந்தான். “நல்லவேள தேஜு! அங்க போய் நின்னு எவனாச்சும் கேட்டிருந்தா நாறிப்போயிருக்கும். முன்னுரையில மொத நன்றி உனக்குத்தான்.”

பாவி, நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா?

அன்று சாயங்காலம் அதே செக்கிங் டேபிளில் தன் ஆய்வேட்டை விரித்தாள். கையில் ஸ்டிக்கர் சுருள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினாள். அம்பு ஒட்ட ஓர் இடம் அகப்படவில்லை.

வயிறு இன்னும் எரிந்தது. அவன் சென்னைக்குப் போவது இப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவன் செய்த அந்தத் தப்பின்மேல்தான் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.