மேலுமலையில் அவிழ்த்த மாலை

நான் யாரையும் லேசில் புகழ்கிறவன் இல்லை. லாரி ஓட்டுகிறவன் வாயில் வசவுதான் முதலில் வரும். ரோடு போட்டவன் தொடங்கி நடுரோட்டில் படுத்துக் கிடக்கும் எருமை வரைக்கும் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. அப்படிப்பட்டவன் நாகரசம்பட்டி வெங்கடம்மாளைப் பற்றி மட்டும் நல்லபடியாகப் பேசுகிறேன் என்று என் வீட்டுக்காரி சாந்தம்மா கேலி செய்வாள். செய்யட்டும். அன்றைக்கு அந்த ஏற்றத்தில் அவள் இல்லை.

கிருஷ்ணகிரி அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. நல்ல லாரிகள் எல்லாம் அணைக்குக் கல் ஏற்றப் போய்விட்டன. மிச்சம், பட்டாளத்து ஏலத்தில் நான் எடுத்த பழைய லாரிதான். வெங்கடம்மாளுக்கு மாந்தோப்பு. புருஷன் போன பிறகு கங்கப்பன் என்ற குத்தகைக்காரன் வருஷா வருஷம் பூ விடும்போதே தோப்பைப் பேசி முடித்து, காயைப் பெங்களூருக்கு ஏற்றிவிடுவான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்கிற கதை. அந்த வருஷம் அவள் தோப்பைத் தர மறுத்துவிட்டாள். பக்கத்துச் சின்னத் தோப்புக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, காயைத் தானே பெங்களூர் மண்டிக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னாள். காய் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இனி உன் தோப்புப் பக்கமே வரமாட்டேன், வழியில் நின்று கெட்டால் காலத்துக்கும் குத்தகை எனக்குத்தான் என்று கங்கப்பன் ஊர்க் கூட்டத்தில் சவால் விட்டான். அவள் யோசிக்காமல் சரி என்றாள். அகலக்கால் வைக்கிறாள் என்று ஊரே பேசியது, நானும் பேசினேன்.

பறித்த காய் ஒரு லாரியில் அடங்கவில்லை. இரண்டு நடை அடித்தால் இரண்டாம் நடைக்குள் பாதி பழுத்து நசுங்கிப் போகும். லாரிக்குப் பின்னால் மாட்டும் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று என்னிடம் சும்மா கிடந்தது. அதையும் இழுத்துக்கொண்டு போகலாம் என்றாள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. பெங்களூர் ரோட்டில் மேலுமலை ஏற்றத்தில் என் லாரி ஒற்றையாகப் போனாலே தண்ணீர் கொதித்து நின்றுவிடும், பின்னால் ஒரு பாரத்தையும் கட்டினால் அவ்வளவுதான் என்றேன்.

"கொதிக்காம இருக்க என்ன பண்ணணுமோ அதப் பண்ணு கோவிந்தா. முடியாதுன்னு கேட்டுட்டுப் போறதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்?" என்றாள்.

அப்புறம் என்ன, பழையபேட்டை முனீர் அகமது பாயிடம் வண்டியை விட்டேன். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதில் தொடங்கி ரேடியேட்டருக்கு வந்தவர் அவர். தன்னை விட்டால் இந்த ஜில்லாவில் ரேடியேட்டரைத் தொட ஆள் இல்லை என்று தன் வாயாலேயே சொல்லிக்கொள்வார். கேட்கக் கோபம் வரும், ஆனால் பொய் இல்லை. முதலில் தண்ணீரைத் திறந்துவிட்டார். செம்மண் கரைசலாக ஊற்றியது. சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, திறந்துவிட்டு, மறுபடி ஊற்றினார். வெளியே வரும் தண்ணீர் குடிக்கிற தண்ணீராக ஆகும்வரை விடவில்லை. பிறகு ரேடியேட்டரைக் கழற்றி, வாயை அடைத்து, மாட்டுத் தொட்டியில் முக்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்தார். குமிழி வந்த இடமெல்லாம் ஓட்டை. ஒவ்வொன்றாக ஈயம் வைத்து அடைத்தார். வளைந்து கிடந்த தகடுகளை மூங்கில் சிம்பால் நிமிர்த்தினார், இடுக்கில் காய்ந்துகிடந்த வெட்டுக்கிளிகளைத் தட்டினார். ரப்பர் குழாய் புதுசு, விசிறி பெல்ட் புதுசு. கிணற்றுத் தண்ணீர் உப்பு, உள்ளே காறை கட்டும் என்று ஏரித் தண்ணீரை வேட்டியில் வடிகட்டி ஊற்றினார். நின்று பார்த்த எனக்கு மனசு நிறைந்துபோனது. வழியில் நின்றால் தன் பெயர்தான் கெடும் என்று தானும் கூட வருவதாகச் சொல்லிவிட்டார்.

விடிகாலையில் புறப்பாடு. வருஷத்தின் முதல் லோடு போகும்போது முனியப்பன் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தி மாலை கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டிய மாலையை மண்டியில் சரக்கு இறங்கும்வரை அவிழ்க்கக் கூடாது. ஒரு தோப்புக் காய் என்றால் ஒரு மாலை. இதில் எத்தனையோ வீட்டுக் காய். அத்தனை வீட்டிலிருந்தும் வந்தார்கள். செண்டுமல்லி, வேப்பிலை, மாவிலைத் தோரணம், அதற்கு மேல் வெங்கடம்மாள் நேர்ந்துகொண்ட தொடை கனத்து மாலை. லாரிக்கு முகமே தெரியவில்லை. எனக்கும் கைகூப்பத்தான் தோன்றியது. பாய் கோயிலுக்கு எதிர்ப்பக்கம் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணகிரி தாண்டும்வரை சுகமாகப் போனோம். மேலுமலை ஏற்றம் தொடங்கியதும் சின்ன கியருக்கு வந்தேன். பாதி ஏறுவதற்குள் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறியது. ஓரம் கட்டி, டிரெய்லர் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். வெங்கடம்மாள் இறங்கி டிரெய்லர் பக்கம் போய், வைக்கோலுக்குள் கையை விட்டுக் காயைத் தொட்டுப் பார்த்தாள். வெயில் ஏற ஏறக் காய் அடியில் வெந்துகொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

பாயை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் இஞ்சினை நிறுத்தாதே என்று மட்டும் சொல்லி, தோள் துண்டை எடுத்து லாரியின் முன்னால் பிடித்தார். உள்ளே விசிறி சுற்றும்போது அந்தத் துண்டு முகப்பில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை. மாலைக்கு முன்னால் சும்மா தொங்கியது.

"எம் வேலையில குத்தமில்ல. வண்டிக்கு மூச்சு முட்டுது," என்றார்.

மாலை காற்றை அடைக்கிறதென்றால் அவிழுங்கள் என்றேன். அவர் இரண்டடி பின்னால் போனார். இன்னொருத்தர் சாமிக்குக் கட்டியதை நான் தொட்டு, நாளைக்கு ஒன்று ஆனால் பாய் தொட்டதால்தான் என்று பேச்சு வரும், நீயே அவிழ் என்றார். எனக்குக் கை வரவில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். இந்த இடத்தில் முனியப்பனைப் பகைத்துக்கொள்ள எனக்கு என்ன பைத்தியமா? ரேடியேட்டரை அத்தனை பாடுபட்டுச் சரிசெய்துவிட்டு, இரண்டு ஆண்பிள்ளைகள் பூவைப் பார்த்துப் பயந்து நின்றோம்.

வெங்கடம்மாள் முன்னால் வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பம்பரில் கால் வைத்து ஏறினாள். முதலில் அவிழ்த்தது தன் மாலையைத்தான். பிறகு மற்றவர்கள் மாலை, தோரணம் எல்லாவற்றையும் ஒரு இதழ் கீழே விழாமல் தோளில் வாங்கிக்கொண்டாள். நேரே டிரெய்லருக்குப் பின்னால் போய், கடைசிப் பலகையில் ஒவ்வொன்றாகக் கட்டினாள்.

நான் பின்னாலேயே போய், அக்கா, தப்பில்லையா என்று கேட்டேன்.

"சாமி முன்னாடிதான் நிக்கணும்னு யாரு சொன்னது? ஏத்தம்பா இது. பின்னாடி நின்னு தள்ளட்டும்."

அவளுக்குப் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன், கடைசி முடிச்சுப் போடும்போது முனியப்பா, முனியப்பா என்று முணுமுணுத்ததைக் கேட்டேன். பயந்துகொண்டே கட்டினாள் பாருங்கள், அதற்குத்தான் என் கும்பிடு.

பாய் மறுபடி துண்டைப் பிடித்தார். சப்பென்று போய் ஒட்டிக்கொண்டது. இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் துணி போட்டு மெல்லத் திறந்து, குறைந்த தண்ணீரை இஞ்சின் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். அதற்கப்புறம் வண்டி நிற்கவே இல்லை. சூளகிரியில் டீ குடிக்க நிறுத்தியபோது பாய் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன்னை விட்டால் ஜில்லாவில் ஆள் இல்லை என்று டீக்கடைக்காரனிடம் தொடங்கிவிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. ஓசூர் தாண்டி, மைசூர் ராஜ்ய எல்லை தாண்டி, மண்டி மூடுவதற்குள் காய் இறங்கியது.

திரும்பும்போது அதே மலையில் இறங்கினோம். மாலை இன்னும் பின்னால்தான் இருந்தது. எனக்குக் குறும்பு போகவில்லை. அக்கா, இறக்கத்திலும் முனியப்பன் தள்ளினால் நம் கதி என்ன என்று கேட்டேன்.

"ஏத்தத்துல தள்ளத் தெரிஞ்சவருக்கு எறக்கத்துல இழுத்துப் புடிக்கத் தெரியாதா? நீ பிரேக்கப் பாரு," என்றாள்.

கங்கப்பன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மறு வருஷம் தோப்புப் பக்கம் வரவில்லை. ஆனால் முதல் லோடு புறப்பட்ட காலையில் கோயில் முன்னால் வந்து நின்றான். அவனுக்கும் சொந்தமாகக் கொஞ்சம் மாமரம் உண்டு. அந்தக் காய்க்கு டிரெய்லரில் இடம் கிடைக்குமா என்று கேட்டான். கையில் ஒரு மாலை வைத்திருந்தான். எங்கே கட்டவேண்டும் என்று வெங்கடம்மாள் டிரெய்லரின் பின்பக்கம் கை காட்டினாள்.